அரசனை வாழ்த்திய மாலை

நஞ்சைத் தான் ஏற்று அமுதைப் பிறர்க்கு விட்ட பெருமானே, எரிக்கும் விழியையும் குளிர்விக்கும் பிறையையும் ஒருங்கே தாங்கியவனே, உன்னை முன்னிட்டே இந்த மடலைத் தொடங்குகிறேன். கொதிக்கும் நெஞ்சை நெறி தவறாமல் நிறுத்து. எழுதும் சொல்லில் பொய் கலவாமல் காத்தருள்.

அன்பிற்குரிய நண்பருக்கு,

இன்று காலை மருமகள் பிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "மாமா, இந்த டப்பாவத் தூக்கிப் போட்டுடட்டுமா? பிரிட்ஜ் பூரா ஒரே புளிச்ச வாடை" என்றாள். அவள் கையில் இருந்தது நீங்கள் கொடுத்த ஊறல் தேயிலை. வாங்கி மூடியைத் திறந்தேன். அந்தப் புளிப்பும் பச்சிலை மணமும் மேலே எழுந்தபோது, நீங்கள் எதிரில் உட்கார்ந்து அதில் வறுத்த பயறும் எள்ளும் சேர்த்துப் பிசைவது போலவே இருந்தது. தேயிலையைக் குடிக்காமல் தின்கிறீர்களே என்று நான் வியந்த அன்று நீங்கள் சொன்ன மறுமொழியும் நினைவுக்கு வந்தது.

"நீங்க சாரத்தக் குடிச்சிட்டு சக்கைய எறியிறீங்கண்ணே. எங்க ஊர்ல சாரம் பூரா ஜெனரல் வீட்டுக்குப் போயிடும். எங்களுக்குச் சக்கைதான். அதையும் ருசியாத் திங்கப் பழகிட்டோம்."

உங்கள் நாட்டின் பெயரை இங்கே எழுதமாட்டேன். உங்கள் தமக்கையார் இன்னும் அங்கேதான் இருக்கிறார். உங்கள் மகனின் பெயரையும் எழுதமாட்டேன். தேக்கு மரமும் அகன்ற ஆறுகளும் நிறைந்த அந்த நாட்டுக்கு உங்கள் பாட்டனார் இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து நெல்வயல் வேலைக்குப் போனவர். மூன்று தலைமுறை கடந்தும், கோயிலில் ஓதக் கற்ற தமிழை நீங்கள் விடவில்லை. அந்தத் தமிழோடுதான் ஷார்ஜாவுக்கு வந்து, முவைலாவில் ஒரு டைல்ஸ் கடையின் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானோ சவூதியின் யான்புத் துறைமுகத்தில், கப்பல்களுக்கு எண்ணெய் ஏற்றும் பிரிவின் அலுவலகத்தில் முதுமை வரை உழைத்துவிட்டு, இங்கே மகன் வீட்டில் ஒதுங்கியவன்.

ஞாயிறு மாலைகளில் வீடு மாற்றி வீடு கூடித் திருமுறை ஓதும் எங்கள் சிறு கூட்டத்துக்கு நீங்கள் முதன்முதலில் வந்த நாளில், கட்டடக் காவலர் கதவைத் தட்டினார். தாழ்வாரம் முழுக்க எங்கள் செருப்புகள். "பாய், ஏ க்யா ஹை? மஸ்ஜித் ஹை க்யா?" இது என்ன பள்ளிவாசலா என்று அவர் சிரித்துக்கொண்டே இந்தியில் அதட்ட, நீங்கள் எழுந்துபோய் எல்லாச் செருப்பையும் சுவரோரம் அடுக்கிவிட்டு வந்தீர்கள். அன்றுமுதல் தாளம் உங்கள் கைக்கு வந்தது. வயதில் இளையவரானாலும் எங்கள் கூட்டத்து வழக்கப்படி உங்களை நான் "ஐயா" என்றே அழைத்தேன். நீங்கள் என்னை "அண்ணே" என்றீர்கள்.

பிறகு உங்கள் நாடு சரியத் தொடங்கியது. வாக்குப்பெட்டியைப் படைக்கலத்தால் கவிழ்த்து அரியணை ஏறியவன், தன் குடிகளின் ஊர்கள் மேலேயே வானிலிருந்து குண்டு பொழிந்தான். பள்ளிகள் மூடின. மருத்துவர்கள் காட்டுக்குள் போனார்கள். கோல் கோணினால் மழை மறுக்கும் என்று பழம்பாடல்கள் கூறியதை ஒருநாள் உங்களிடம் எடுத்துச் சொன்னேன்.

"மழையெல்லாம் நல்லாத்தாண்ணே பெய்யுது. அவன் தோட்டத்துக்கும் சேத்துத்தான் பெய்யுது. அரிசிதான் இல்ல" என்றீர்கள்.

வாழ்நாளெல்லாம் நான் ஓதிய கருத்து அந்த ஒரு வாக்கியத்தின் முன் நொறுங்கியது.

போருக்கு ஆள் போதாமல், வீடு வீடாக இளைஞர்களைப் பிடித்துப் படையில் சேர்க்கும் ஆணை வந்தது. உங்கள் மகன் அந்த வயதில் இருந்தான். தாயில்லாப் பிள்ளை, அத்தையிடம் வளர்ந்தவன். அவனை எப்படியாவது வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர உங்களுக்கு அதன்பின் வேறு நினைவே இருக்கவில்லை.

அந்த நாள்களில்தான், வங்கி ஒன்றில் உயர்பதவியில் இருக்கும் நம் அன்பர் தம் வீட்டில் உங்கள் நாட்டுக்காகச் சிறப்பு வழிபாடு ஒன்று ஏற்பாடு செய்தார். நல்ல மனிதர். சுண்டலும் காப்பியும் முதலில் வந்தன. அவற்றோடு உலகமும் வந்தது.

"எல்லா நாடும் சேந்து தடை போட்டு மூச்சு முட்ட வெச்சா தானா எறங்குவான்" என்றார் வங்கி அன்பர்.

"அது அவங்க நாட்டுப் பிரச்சன சார். அவங்களேதான் தீத்துக்கணும்" என்றார் பொறியாளர் ஒருவர். "ரெண்டு தரப்பும் உக்காந்து பேசணும். அதான் ஒரே வழி."

நீங்கள் தாளத்தைத் துணியால் துடைத்தபடி கேட்டீர்கள்: "எத வெச்சுப் பேசுறது சார்? அவன்கிட்ட விமானம் இருக்கு. எங்ககிட்ட வாய் இருக்கு."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க? படையோட போய் எறங்கச் சொல்றீங்களா?" என்றார் பொறியாளர்.

"சண்டைக்கு உங்கள யாரு சார் கூப்பிட்டா? அவன் விமானத்துக்கு எண்ண விக்காதீங்க. அவன் சொந்தக்காரங்களுக்கு இங்க வீடு விக்காதீங்க. அவன்கிட்ட இருந்து தப்பி ஓடியாறவனப் புடிச்சு அவன்கிட்டயே அனுப்பாதீங்க. இவ்வளவுதான். இதுல எதுக்காச்சும் துப்பாக்கி வேணுமா?"

நான் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யான்புவில் என் கண்முன் எத்தனையோ கப்பல்கள் நிறைந்து நகர்ந்தன. எந்தத் துறைமுகத்து எண்ணெய் எவனுடைய விமானத்தில் எரியும் என்று உலகின் எந்தத் துறைமுகத்திலும் எவரும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. எண்ணெய்க்கு முகம் கிடையாது.

ஓதல் தொடங்கியது. இறுதியில், நாடும் நாட்டை ஆளும் மன்னனும் செழிக்க வேண்டும் என்று நாம் வழக்கமாகப் பாடும் நிறைவு வாழ்த்தும் வந்தது. தலைமுறைகளாக நாவில் ஊறிய பாட்டு. எவரும் எண்ணிப் பார்த்துப் பாடுவதில்லை, வாய் தானே பாடிவிடும். அன்றும் பாடியது. மன்னனை வாழ்த்தும் இடத்தில் தாளம் நின்றுவிட்டது. தாளம் இல்லாமல் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று இடறி அடங்கின.

"எந்த ராசாவ வாழ்த்துறீங்க?" என்றீர்கள்.

"ஐயா, அது பொதுவாப் பாடறதுதான். மனசுல வெச்சுக்காதீங்க" என்று வங்கி அன்பர் பதறினார்.

"அறம் பிறழாத வேந்தனை மட்டுமே அது குறிக்கும்" என்று நான் சொன்னேன். அது உண்மைதான். இன்றும் அதையே சொல்வேன்.

"அப்படி ஒருத்தன் இருந்தா, அவனுக்கு நம்ம வாழ்த்து எதுக்குண்ணே? எம்புள்ளயப் புடிக்க வீடு வீடா வர்றானே, அவனுக்குத்தான் ஊர் உலகமெல்லாம் வாழ்த்து அனுப்புது."

சூழலை ஆற்ற எண்ணிய வீட்டுக்காரரின் துணைவியார், "சரி, எல்லாரும் கண்ண மூடி அங்க அமைதி திரும்பணும்னு வேண்டிக்குவோம்" என்றார்.

"அமைதி வேணாங்கம்மா" என்றீர்கள், மிகவும் பணிவாக. "அவன் எல்லாரையும் கொன்னு முடிச்சாலும் அமைதிதான். எம்புள்ள வெளிய வரணும்னு வேண்டுங்க. அது போதும்."

வேண்டினோம். உள்ளம் உருகித்தான் வேண்டினோம். மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போனோம்.

நீங்களோ கதவு கதவாகத் தட்டினீர்கள். உங்கள் முதலாளி மகனுக்கு வேலை தர உடன்பட்டார். விசா வேலைகளைப் பார்த்துக்கொடுக்கும் ஆள் கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்ததுமே கையை விரித்தார். "இந்தப் பாஸ்போர்ட்டா? மாஃபி, கிடையாது. இப்ப எங்கயும் எடுக்க மாட்டாங்க பாய். வந்தவன் திரும்பிப் போகமாட்டான்னு அவங்களுக்குத் தெரியும். கலாஸ், முடிஞ்சுது." மேற்கே, கிழக்கே, எத்தனை நாட்டு வாயில்களுக்கு எழுதினீர்கள்! அந்தக் கொடுங்கோலனைக் கண்டித்துக் கண்ணீர் சொட்ட அறிக்கை விட்ட நாடுகள்தாம் எல்லாம். அவன் கொடியவன் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. அவனிடமிருந்து தப்பி வரும் பிள்ளையை உள்ளே விடக்கூடாது என்பதிலும் இல்லை.

அந்த வாரங்களில் ஒருநாள், உங்கள் கடைக்கு அந்தக் கொடுங்கோலனின் உறவுக்காரப் பெண் ஒருத்தி வந்தாள். புது மாளிகைக்குப் பளிங்கு பார்க்க வந்தவள். நீங்கள் கிடங்கிலிருந்து கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினீர்கள். உங்கள் பேச்சின் சாயலைக் கேட்டு, அவள் உங்கள் நாட்டு மொழியிலேயே அன்பாக உசாவினாளாம். மாலையில் தேநீர்க் கடை வாசலில் என்னிடம் சொன்னீர்கள்.

"ஊருக்குப் போயி எவ்வளவு நாளாச்சுன்னு கேட்டாண்ணே. இப்ப ஊரு ரொம்ப அமைதியா இருக்கு, ஒருக்க வந்துட்டுப் போங்கன்னா."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"குளியலறைக்கு இந்தக் கல்லு வழுக்கும்மா, சொரசொரப்பா வேற காட்டுறேன்னேன்." தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "கை நடுங்கவே இல்லண்ணே. அதான் எனக்கே பயமா இருக்கு."

எல்லைக்குப் போகும் பேருந்திலிருந்து உங்கள் மகனை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று உங்கள் தமக்கையார் அழுதுகொண்டே அழைத்தது அதன்பின் சில நாள்களில். சொல்லக்கூடிய ஆறுதலையெல்லாம் நான் சொன்னேன். வினையைப் பற்றிச் சொன்னேன், அருளைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டீர்கள். அந்த வாரமே கிடங்கில், அடுக்கிய பெட்டிகளின் மேல் சாய்ந்தபடி உங்கள் மூச்சு நின்றிருந்தது.

இனி நான் எழுதப்போவதைக் கசப்பின்றி எழுத எனக்குத் தெரியவில்லை. உயிரோடிருந்தபோது உங்கள் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க உங்கள் நாட்டுத் தூதரகத்துக்கு நீங்கள் நடையாய் நடந்தீர்கள். ஊதியத்தில் ஒரு பங்கை ஆட்சியின் வங்கி வழியாக அனுப்பினால்தான் முத்திரை என்றார்கள். "அந்தக் காசுல வாங்குற குண்டு எங்க ஊரு மேலதானே விழும்" என்று நீங்கள் மறுத்துவிட்டீர்கள். முத்திரை விழவேயில்லை. ஆனால் உங்கள் உடலை எரிக்க இசைவுக் கடிதம் கேட்டு நான் போனபோது, அந்த அலுவலர் எழுந்து நின்று இரங்கல் சொன்னார், நாற்காலி தந்தார், நான் குடித்த தண்ணீர்க் குவளை காலியாகும் முன்பே முத்திரையிட்ட தாளை நீட்டினார். செத்த குடிமகனோடு எந்தக் கொடுங்கோலனுக்கும் பிணக்கில்லை. அவனைக் கண்டிக்கும் உலகத்துக்கும் இல்லை போலும். இறந்தவர்களுக்காக எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள்.

கொள்ளி வைக்க வேண்டிய மகன் எங்கோ ஒரு காட்டில் துப்பாக்கி சுமந்துகொண்டிருந்தான். முறைகள் அறிந்தவன் என்பதால் என்னை முன்னிறுத்தினார்கள். வயதில் மூத்தவன் இளையவருக்குச் செய்யும் கடன் அல்ல அது, ஆயினும் செய்தேன். ஓத வேண்டியவற்றைத் தவறின்றி ஓதினேன். குரல் உடையவில்லை. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் உடைந்தது.

மழைக்காலம் முடிந்தபின் உங்கள் மகன் படையிலிருந்து தப்பி, ஆற்றைக் கடந்து அண்டை நாட்டுக்குள் புகுந்துவிட்டான். அத்தையிடம் என் எண்ணை வாங்கி ஒரு நண்பகலில் அழைத்தான்.

"பெரியப்பா, அப்பாவுக்கு யாரு கொள்ளி வெச்சது?"

"நான்தாம்ப்பா."

பிறகு, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றான். அந்தக் கேள்வியில் உங்கள் வளர்ப்பைக் கேட்டேன்.

அவனிடம் கடவுச்சீட்டு இல்லை. அங்கும் காவலர்கள் தேடி வருகிறார்கள், பிடிபட்டவர்களை வண்டியில் ஏற்றி ஆற்றின் அக்கரைக்கே அனுப்பிவிடுகிறார்கள். படையை விட்டு ஓடியவனை அக்கரையில் என்ன செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. என் மகன் தன் நிறுவனத்தில் கேட்டான், வங்கி அன்பர் தமக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டார். ஏதிலிகளுக்கான அலுவலகங்களுக்கு நான் எழுதியவற்றுக்கு நன்றி தெரிவித்து மறுமொழிகள் வந்தன. அடைக்கலம் புகுந்தோரை ஏற்பது எல்லா அறங்களுக்கும் தலையான அறம் என்று மறைகள் உரைப்பதாக நான் எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன்! அந்த அறத்துக்கு இப்போது எந்தக் கவுண்டரிலும் ஆள் இல்லை.

ஒவ்வொரு வாரமும் அவன் அழைக்கிறான். இடம் மாறி மாறி ஒளிந்திருப்பதால் ஒவ்வொரு முறையும் வேறு எண். நலம் விசாரிக்கிறான். முடிவில் ஒரே கேள்வி: "பெரியப்பா, ஏதாச்சும் வழி இருக்கா?"

பொய்யாமை என் நோன்பு. சிறு வயதில் ஏற்றது, கிழவனாகும்வரை காத்தது. அந்த நோன்போடுதான் இறைவன் முன் போய் நிற்க எண்ணியிருந்தேன். ஆனால் அந்தக் குரல் கேட்கும்போது, "இருக்குப்பா. கொஞ்சம் பொறு. போனை அணைச்சு வெக்காதே" என்று சொல்கிறேன். ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். உங்களிடமிருந்து நான் சுமந்துகொண்டிருப்பது இதைத்தான் நண்பரே: உங்கள் பிள்ளையை உயிரோடு வைத்திருக்கும் ஒரு பொய். அதை மெய்யாக்கும் ஆற்றல் எனக்கு இல்லை. உள்ளவர்கள் அமைதிக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் அன்பர்களே, உங்கள் இல்லத்தில் உலை குளிராதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உங்கள் கண்ணெதிரே வளர்ந்து, உங்களுக்குச் செய்ய வேண்டியவற்றைத் தம் கையாலேயே செய்யட்டும். வழி இருக்கிறதா என்று அவர்கள் கேட்கும் நாளில், இருக்கிறது என்று நீங்கள் உண்மையாகவே சொல்லும்படி எம்பெருமான் அருள்வானாக.