வெள்ளிக்கிழமைப் பச்சை

ஜூன் 16, திங்கள்

இன்றும் பலகையைப் பார்த்தபடியேதான் வாசித்தேன்.

மூன்றரைக்குப் பங்குச் சந்தை மூடியதும், அன்று யார் எதை வாங்கினார்கள், எதை விற்றார்கள், ஏன், என்ன ஆயிற்று என்று வெள்ளைப் பலகையில் எழுதி, நான்கு மணிக்கு எல்லோருக்கும் உரக்க வாசிக்க வேண்டும். அதுதான் என் வேலை. எழுதுவதில் கஷ்டமில்லை. வாசிக்கத் தொடங்கினால் முகம் தானாகப் பலகைப் பக்கம் திரும்பிவிடுகிறது.

பின்னாலிருந்து ராஜாத்தி டீச்சர் சொன்னார்: "உன் சடை நல்லாத்தான் இருக்கு. அதுக்காகத் தெனமும் அதையே பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? திரும்பும்மா."

திரும்பவில்லை. டீச்சர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பங்கு வாங்கி நாலைந்து நாளில் விற்றுவிடுவார். நஷ்டம் வந்தால் முகம் மாறாது. பலகையில் என் எழுத்து கோணினால் மாறிவிடும்.

வேலையில் என் சோதனைக் காலம் ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. அதற்குள் அம்மா, "எம்பொண்ணு ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேல பாக்குது" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். திருப்பி அனுப்பினால் பஸ்ஸிலிருந்து எந்த முகத்தோடு இறங்குவது?

ஜூன் 18, புதன்

சபரிநாதன் சாரின் புது உத்தரவு: லாபம் பச்சையில், நஷ்டம் நீலத்தில்.

"சிவப்பு மட்டும் வேணாம் பாரதி. சிவப்பப் பாத்தா மனசு கெட்டுரும். மனசு கெட்டா மறுநாள் வரமாட்டாங்க."

சார்தான் முதலாளி. மன்னார்குடியில் உரக்கடைக்கு மேலே மாடியில் பங்கு வாங்கி விற்கும் அறை; ஒவ்வொரு வியாபாரத்துக்கும் அவருக்குக் கமிஷன். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., எப்போதும் உர வாசனை. பலகை இப்போது மயில் மாதிரி இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

பலகை முழுக்கப் பச்சை! ஒரு வரி நீலம்கூட இல்லை. சார் ஜாங்கிரி வாங்கி வந்தார். "வெள்ளிக்கிழமைன்னா நம்ம ரூமுக்குத் தனி ராசி."

ஜூன் 23, திங்கள்

முழுக்க நீலம். ஜாங்கிரி இல்லை.

ஜூன் 26, வியாழன்

ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்டு எழுத வேண்டும். ஃபியூச்சர்ஸ் (பின்னால் வரும் விலைக்கு இப்போதே ஒப்பந்தம்) பண்ணும் பக்கிரி அண்ணனிடம் கேட்டேன். அறுவடை மெஷின் வைத்திருப்பவர். சீசன் இல்லாத மாதங்களில் இங்கேதான் இருப்பார்.

"ஏண்ணே வாங்குனீங்க?"

"ஏறும்னு தோணுச்சு."

"ஏன் வித்தீங்க?"

"மெஷினுக்கு டயர் மாத்தணும்."

அப்படியே எழுதினேன். டீச்சர் சிரித்தார்.

ஜெக்கரியா பாய் போடுவது கரன்சியில். மகன் அஸார் துபாயில் இருக்கிறார். டாலர் ஏறினால் அவர் அனுப்பும் பணம் இங்கே கூடும். பாயோ டாலர் இறங்கும் என்றுதான் எப்போதும் போட்டு வைப்பார். "எது நடந்தாலும் வீட்டுல ஒருத்தராவது சிரிக்கணும்லம்மா?" இதுவரை நான் கேட்டதிலேயே உருப்படியான காரணம் இதுதான்.

ஜூன் 27, வெள்ளி

மறுபடி பச்சை. மறுபடி ஜாங்கிரி. சார் பேனர் அடிக்கக் கொடுத்துவிட்டார்.

ஜூலை 3, வியாழன்

பேனர் வந்துவிட்டது. 'வெள்ளிதோறும் லாபம்.' பக்கத்தில் சாரின் சிரித்த முகம், கிட்டத்தட்ட நிஜ ஆள் உயரத்துக்கு. மாடிப்படி ஏறும்போது நம்மையே பார்த்துக்கொண்டு கூடவே வருகிறது.

சார் சொன்னபடி நானும் முதல் சம்பளத்தில் கொஞ்சம் பங்கு வாங்கினேன். "அனுபவம் இல்லாம அடுத்தவங்க கணக்க எப்படி எழுதுவீங்க?" ஒரு பம்ப்செட் கம்பெனி. காரணம்: எங்கள் வயல் மோட்டார் இதுவரை ரிப்பேர் ஆகவில்லை. (பக்கிரி அண்ணனை நினைத்து மனசுக்குள் சிரித்ததற்கு இது தேவைதான்.)

ஸ்டாப் லாஸும் போட்டேன். இந்த விலைக்குக் கீழே போனால் என்னைக் கேட்காமலே விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. சின்ன நஷ்டத்தோடு தப்பிக்க ஒரே வழி. எல்லோரும் போட வேண்டும் என்பது இந்த அறையின் விதி.

ஜூலை 7, திங்கள்

நீலம்.

தினமும் பலகையைப் படம் எடுத்து வைப்பேன். இன்று பஸ்ஸில் வரும்போது வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். செவ்வாய், புதன், வியாழன் கலந்து கட்டி இருக்கிறது. வெள்ளி பச்சை. திங்கள் நீலம். அதுவும் கொஞ்சநஞ்சமில்லை, மற்ற நாள் நஷ்டமெல்லாம் சேர்ந்தாலும் திங்கட்கிழமை ஒன்றுக்கு ஈடாகாது.

சந்தைக்குக் கிழமை தெரியுமா என்ன?

ஜூலை 11, வெள்ளி

பார்த்துவிட்டேன்.

பதினோரு மணி இருக்கும். டீச்சரின் பங்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டாப் லாஸுக்குப் பக்கத்தில் வந்ததும் டீச்சர் மவுசைப் பிடித்து அதை ரத்து செய்தார். கோலத்தில் ஒரு புள்ளியை அழிப்பது மாதிரி.

"டீச்சர்... அத ஏன் எடுத்தீங்க?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுலேருந்து காசு வெளிய போகலாமா? லாபம்னா வரட்டும். நஷ்டத்த நாளைக்குப் பாத்துக்கலாம்."

நாளைக்குச் சனி. சந்தை கிடையாது. அப்புறம் ஞாயிறு. அந்த இரண்டு நாளில் உலகத்தில் என்னவெல்லாமோ நடந்து, திங்கள் காலை சந்தை திறக்கும்போதே பள்ளத்தில் திறக்கிறது. வெள்ளிக்கிழமை விரல் நுனியில் கிள்ளியிருக்க வேண்டியதைத் திங்கட்கிழமை அரிவாளால் வெட்ட வேண்டியிருக்கிறது.

பக்கிரி அண்ணனும் எடுத்துவிட்டிருந்தார். அது போதாதென்று, ஜெக்கரியா பாய் ஜும்மாவுக்குப் போன நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவருடையதையும் எடுத்துவிட்டார்!

பாய் திரும்பி வந்து பார்த்தார். "பக்கிரி, எங்க வீட்டுல அந்தப் பழக்கம் கெடையாதுப்பா."

"இருந்தா என்ன பாய், நல்லதுதான. ஒங்க வீட்டு மகாலட்சுமி மட்டும் வெளிய போகணுமா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். விற்காத நஷ்டத்தைப் பலகையில் எழுத இடமில்லை. எழுத முடிந்தது பச்சை மட்டும்தான்.

ஜூலை 14, திங்கள்

படங்களைக் காட்டி சாரிடம் சொல்லிவிட்டேன். மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அப்படியும் பாதிதான் வெளியே வந்தது.

"பாரதி, என்ன நடந்துச்சுன்னு எழுதுறதுதான் ஒங்க வேல. ஏன் நடந்துச்சுன்னு கேக்குறது இல்ல."

"காரணமும் எழுதணும்னு நீங்கதான் சார்..."

"லாபத்துக்குக் காரணம் எழுதுங்க. பேனர் அடிச்சாச்சு. அடுத்த மாசம் ஒங்கள நிரந்தரம் பண்றதப் பத்தி வேற யோசிக்கணும்."

யோசிப்பாராம். அதாவது எனக்குப் புரிந்துவிட்டது.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. அம்மா விடியும் முன்பே எழுப்பித் தலைக்கு ஊற்றச் சொன்னாள். ஈரத்தலையோடு ஆபீஸ் போனேன்.

பம்ப்செட் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டாப் லாஸ் வந்துவிடும். வரட்டும், அதற்குத்தானே போட்டது. எல்லோருக்கும் பாடம் எடுக்க நினைத்தவள் நான். இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஆடி வெள்ளி. அம்மா வாசலில் மாக்கோலம் போட்டிருக்கிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. அந்த வீட்டுப் பணம்.

எடுத்துட்டேன்.

ஐயோ, எடுத்துட்டேன். நானே! மூளை 'வேணாம் வேணாம்'னு சொல்லுது, கை போயி ரத்துங்கிறத அமுக்குது. இதுக்கா பி.காம். படிச்சேன்?

ஜூலை 21, திங்கள்

பள்ளம். பம்ப்செட் கம்பெனியைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஏதோ செய்தியாம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் சிவப்பு மார்க்கர் ஒன்று வாங்கினேன். பலகையில் முதல் வரியாக என் பெயரை எழுதினேன். 'ஜெயபாரதி. வாங்கிய காரணம்: மோட்டார் ரிப்பேர் ஆகவில்லை. விற்காத காரணம்: ஆடி வெள்ளி.' வெள்ளிக்கிழமையே விட்டிருந்தால் எவ்வளவு போயிருக்கும், இன்று எவ்வளவு போயிற்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அதன்கீழே மற்றவர்களுடையதும் அதே மாதிரி. எல்லாம் சிவப்பில்.

நான்கு மணிக்கு வாசிக்கும்போது எப்போது திரும்பினேன் என்று தெரியவில்லை. பலகையைப் பார்த்தால் என் பெயர் இருந்தது. அதைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் அவர்களைப் பார்த்திருக்க வேண்டும்.

முதலில் பக்கிரி அண்ணன் சிரித்தார். "மோட்டார் ரிப்பேர் ஆவலன்னு பங்கு வாங்குனியா? என்னைய விட மோசமா இருக்கியே!" பிறகு தன் வரிக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி வாசித்தார். ஜெக்கரியா பாய் மட்டும், "எனக்கும் ஆடி வெள்ளின்னு எழுதியிருக்கியேம்மா," என்றார்.

சார் சிவப்பைப் பார்த்தார். "ஆகஸ்டுக்கு அப்புறம் வேற எடம் இருந்தா பாத்து வச்சுக்கங்க."

ஜூலை 22, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லவில்லை. உளுந்து என்ன விலை போகும் என்று கேட்க நாலு பேரை அழைத்து வந்திருந்தாள். "எம்பொண்ணுக்குத் தெரியாததா?"

ஜூலை 25, வெள்ளி

இரண்டாம் ஆடி வெள்ளி. விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டு தர்ஷினி அக்கா தயிருக்கு உறை கேட்டு வந்தார். அந்த நேரத்தில், அதுவும் வெள்ளிக்கிழமை, எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அம்மா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"அடுப்படில உறில இருக்கு பாரு. நீயே எடுத்துக்க."

தர்ஷினி அக்கா போய் எடுத்துக்கொண்டு போனார்.

"ஏம்மா, கொடுக்கக் கூடாதுன்ன?"

"நான் எங்கடி கொடுத்தேன்? அவளா எடுத்துக்கிட்டா."

சோறு பாதியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அம்மா, "என்னடி, கறிவேப்பில சிக்கிக்கிச்சா?" என்றாள்.

ஜூலை 28, திங்கள்

நான்கு மணி கணக்கு முடிந்ததும் சொன்னேன். அவர்களைப் பார்த்தே சொன்னேன்.

ஸ்டாப் லாஸை வியாழக்கிழமை சாயங்காலமே போட்டுவைக்கும் வசதி இருக்கிறது. போட்டுவிடுவோம். வெள்ளிக்கிழமை கீபோர்டு, மவுசு, செல்போன் எல்லாம் பீரோவுக்குள். சந்தை மூடும் வரை யாரும் தொடக் கூடாது. "நஷ்டம் போச்சுன்னா நாம கொடுக்கல. அதுவா எடுத்துக்கிச்சு."

"இது செல்லுமா டீச்சர்?" என்று கேட்டார் பக்கிரி அண்ணன், ஏதோ கோர்ட்டில் நிற்கிற மாதிரி.

டீச்சர் தீர்ப்புச் சொன்னார். "செல்லும். எங்க வீட்டுல உப்பையே அப்படித்தான் கொடுப்போம்."

சார் பதறினார். "கீபோர்டு இல்லாம என்னங்க டிரேடிங் ரூம்? வெள்ளிக்கிழமை புதுசா ஒண்ணும் வாங்க மாட்டீங்களா?"

"திங்கக்கிழமை நாங்க இருந்தாத்தான தம்பி செவ்வாக்கிழமை வாங்குறதுக்கு?" என்றார் டீச்சர்.

பாய், "சாவி இந்தப் பொண்ணுகிட்ட இருக்கட்டும். பக்கிரிகிட்ட கொடுத்துராதீங்க," என்றார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இடுப்பில் பீரோ சாவி. மூன்று பேரும் கை வேலை இல்லாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கிரி அண்ணன் பிரசவ வார்டு வாசலில் நிற்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். "செல்ல மட்டும் கொடு தங்கச்சி, வீட்டுக்குப் பேசிட்டுத் தந்துடுறேன்." என் போனிலிருந்து அண்ணியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பேச அவருக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு மணிக்கு டீச்சருடையது போயிற்று. சின்ன நஷ்டம். எல்லோரும் டீச்சரைப் பார்த்தோம்.

"நான் தொடல," என்றார் இரண்டு கையையும் தூக்கிக் காட்டி.

வெள்ளிக்கிழமைப் பலகையில் முதன்முதலாகச் சிவப்பு. சார் ஜாங்கிரி வாங்கவில்லை. டீச்சர் வாங்கினார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பெரிய நஷ்டம் இல்லாத முதல் திங்கட்கிழமை. எழுத அதிகம் ஒன்றும் இல்லை. காலியாகக் கிடந்த பலகையின் முன்னால் சார் ரொம்ப நேரம் நின்றார். போகும்போது ஏ.சி.யை அவரே அணைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சோதனைக் காலத்தின் கடைசி நாள். சாயங்காலம் சார் என் மேசையில் ஒரு டப்பாவை வைத்தார். சிவப்பு மார்க்கர், ஒரு டஜன்.

"மொத்தமா வாங்குனா வெல கம்மி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு மார்க்கர் எத்தனை நாள் வரும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அடுத்த வருஷக் குறுவை அறுப்பையும் தாண்டுகிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

விடியக்காலை மழை. கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல் மூன்று நாளாக வரிசையில் குவிந்து கிடக்கிறது. நானும் அம்மாவும் சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினோம்.

குவியல் மூடியிருந்தது. மழைத்தண்ணீர் வழிய, 'வெள்ளிதோறும் லாபம்' என்று சார் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாருடி இவரு? நம்ம நெல்லு மேல படுத்துக்கிட்டுச் சிரிக்கிறாரு?"

"எங்க முதலாளிம்மா."

பக்கத்தில் பக்கிரி அண்ணன் நனைந்தபடி நின்றார். அறுப்பு சீசன், மெஷினோடு இந்தப் பக்கம்தான் இருக்கிறார். "அவருதான் கழட்டி எடுத்துட்டுப் போங்கன்னாரு. தார்ப்பாய விட கெட்டி தங்கச்சி."

கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். நெல் சலசலவென்று காய்ந்திருந்தது.

நான்கு மணிக்குப் பலகையில் இரண்டு வரி சிவப்பு. அதற்குக் கீழே பச்சையில் எழுதினேன்: 'பேனர். லாபம்: ஒரு குவியல் நெல். காரணம்: மழை.' வாசித்தபோது சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டீச்சர் மட்டும் சிரிக்காமல் என்னை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, உன் சடையப் பாத்து எத்தன நாளாச்சு. இருக்கா, வெட்டிட்டியா?"