படுதாவுக்குப் பின்னால் எடுத்த மூச்சு

சனிக்கிழமை, 8 பிப்ரவரி 1964

அன்பு மகள் லியானாவுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் நலம் என்றுதான் எழுத வேண்டும், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. அப்பாவின் முழங்கால்தான் இந்தப் பனிமூட்டத்தில் மடக்கினால் நீள மாட்டேன் என்கிறது. புவெனஸ் அயர்ஸில் வெயில் கொளுத்துகிறது என்று எழுதியிருந்தாய். வியர்வையோடு மின்விசிறிக்குக் கீழே படுக்காதே, கழுத்தில் மெல்லிய துணி ஒன்றைச் சுற்றிக்கொள், ஒத்திகைக்கு முன்னால் ஐஸ் போட்ட எதையும் குடிக்காதே.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நம் ஊர் ஓபராவில் இலையுதிர் காலத்துக்கு இரண்டாம் பாத்திரம் தருவதாக நிர்வாகி தஸ்ஸினாரியிடமிருந்து ஒப்பந்தம் வந்திருக்கிறது, என் ஒலிநாடாவில் அவருக்கு எது பிடித்தது என்று கேட்டு எழுதம்மா என்று குதித்துக் குதித்து எழுதியிருக்கிறாய். நான்கு நாளாகப் பதில் எழுத உட்காருவதும் எழுந்து அடுப்படிக்குப் போவதுமாக இருந்தேன். அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை லியானா. அவர் அதைக் கேட்கவே இல்லை. மேலே படி, ஆனால் உட்கார்ந்துகொண்டு படி.

ஜனவரி நடுவில் இங்கே புது ஆட்டம் ஆரம்பிக்க இருந்தது. நாயகியாக வான்னா என்று ஒரு பெண்ணை தஸ்ஸினாரி ரோமிலிருந்து கூட்டி வந்திருந்தார், பத்திரிகை அட்டையில் வந்த முகம், இடுப்பு இரண்டு கைக்குள் அடங்கும். முதல் நாளைக்கு இரண்டு நாள் முன்பு அவளுக்குத் தொண்டை போய்விட்டது. இப்படி நடந்தால் என்ன செய்வோம் என்று உனக்கே தெரியும். நோய்ப்பட்டவள் மேடையில் நடிப்பாள், இன்னொருத்தி ஓரத்தில் நின்று பாடுவாள், திரை எழும் முன் நிர்வாகி வெளியே வந்து பாடுகிறவளின் பெயரைச் சொல்லி சபையிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்வார். அதில் யாருக்கும் இழிவில்லை. அந்தப் பாத்திரத்தை நான் பதினொரு வருடத்துக்கு முன்பு பாடியிருக்கிறேன், எப்படி முடிந்தது என்பது உனக்கு நினைவிருக்கும், சுருதி உடைந்து, மலிவு டிக்கெட்டில் மேல்மாடத்தில் உட்காருகிறவர்கள் சீட்டியடித்து என்னை கோரஸுக்கு அனுப்பினார்கள். என்றாலும் பாட்டு எனக்கு மறக்கவில்லை.

தஸ்ஸினாரி தன் அறைக்குக் கூப்பிட்டு, “சிஞ்ஞோரா நீவெஸ், தொலைக்காட்சிக்காரங்க வர்றாங்க, அறிவிப்பெல்லாம் வேண்டாம், அழகு கெட்டுடும். நீங்க கோவில் வரைஞ்ச படுதாவுக்குப் பின்னாடி நின்னு பாடுங்க. உங்க மகளை நான் பாத்துக்கறேன்” என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அலமாரியில் உன் ஒலிநாடாப் பொட்டலத்தைப் பார்த்தேன். நவம்பரில் நான் கட்டிக் கொடுத்த நூல், நான் போட்ட இரட்டை முடிச்சு, அப்படியே தூசியோடு இருந்தது. பார்த்துவிட்டும் தலையாட்டினேன். இதை எழுதும்போதே வாய் கசக்கிறது.

சத்தம் கேட்காமலிருக்க துணிச்செருப்புப் போட்டுக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் நின்றேன். அந்தப் பசை வாடை உனக்குத் தெரியுமே, முயல் தோலைக் காய்ச்சிப் படுதாவில் பூசும் பசை, வாயைத் திறந்து மூச்சிழுக்கும்போதெல்லாம் அதுதான் உள்ளே போனது. இன்றைக்கும் அப்பா கிண்டும் பொலெந்தாக் கூழில்கூட அந்த வாடைதான் வருகிறது. முதல் நாள் பூமாரி. வான்னா மார்பில் கை வைத்துக் குனிந்து கும்பிட்டாள், நான் இருட்டில் நின்று கைதட்டலைக் கேட்டேன். அருவருப்பு என்னவென்றால் எனக்கு அது இனித்தது. அந்தப் பெண் பிறகு சோம்பு மிட்டாய் மணக்கும் வாயோடு வந்து, “என்னை வெறுக்காதீங்க சிஞ்ஞோரா, அவர் சொல்றதைத்தான் நானும் செய்யறேன்” என்று கரகரத்தாள். வெறுக்கவில்லை. அவளும் நானும் ஒரே சேற்றில்தான் நின்றோம்.

நேற்று முன்தினம் வியாழக்கிழமை மூன்றாம் ஆட்டம். மூன்றாம் அங்கத்துப் பிரார்த்தனையில் ‘இரக்கம்’ என்ற சொல்லை நடுவில் உடைத்து மூச்செடுப்பேனே, எந்த மேஸ்ட்ரோவாலும் திருத்த முடியாத என் பழைய தப்பு, முதல் இரண்டு நாளும் அடக்கி வைத்திருந்தேன், அன்று பழக்கத்தில் எடுத்துவிட்டேன். மேல்மாடத்தில் நம் தெரு முடிதிருத்துகிற குவால்தியெரோ எழுந்துவிட்டான். “ஏய், இது நம்ம நீவெஸோட மூச்சுடா! ஏ நீவெஸ், எங்கே ஒளிஞ்சிருக்கே? வெளியே வா!” பதினொரு வருடத்துக்கு முன்பு என்னைச் சீட்டியடித்தவர்களில் முதல் ஆள் அவன்தான். வாத்தியங்கள் நின்றன. மேல்மாடம் முழுக்க என் பெயரைச் சொல்லிக் காலால் தரையைத் தட்டியது. தஸ்ஸினாரி திரைக்கு முன்னால் வந்து, யாரோ குடித்துவிட்டு உளறுகிறார்கள், பாடுவது சிஞ்ஞோரினா வான்னாதான் என்றார். இரண்டு போலீஸ்காரர்கள் குவால்தியெரோவை அக்குளில் கை கொடுத்து இறக்கிக்கொண்டு போனார்கள். எனக்கும் மேடைக்கும் நடுவே இரண்டே எட்டு. நான் வெளியே வரவில்லை. உன் ஒப்பந்தத்தை நினைத்துக்கொண்டு நின்றேன், பிறகு நான்காம் அங்கமும் பாடினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. “முப்பது வருஷமா மேடை முனையில அந்தப் பொந்துக்குள்ள உக்காந்து எல்லாருக்கும் அடுத்த வரி எடுத்துக் கொடுத்தேன். இன்னைக்கு வெறும் உதட்டுக்கு எடுத்துக் கொடுத்தேன், நீவெஸ்” என்று மட்டும் சொன்னார்.

இன்று காலை தஸ்ஸினாரியிடம் போனேன். நாளை ஞாயிறு, தவக்கால நோன்புக்கு முன் கடைசி ஆட்டம், என் பெயரை அறிவித்தால் பாடுகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்றேன். சிரித்துக்கொண்டே, “அப்போ உங்க மகளோட ஒப்பந்தத்தைக் கிழிச்சுடலாமா?” என்றார். “கிழிச்சுக்குங்க, அந்தப் பொட்டலத்தை மட்டும் கொடுங்க” என்றேன். பொட்டலத்தை அலமாரியிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன்.

குவால்தியெரோவை போலீஸ்காரர்கள் அன்றிரவே விட்டுவிட்டார்களாம், அங்கிருந்து நேராக அவன் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே, “மன்னிப்பு கிடக்கட்டும், பதினொரு வருஷமாச்சு, அந்த மூச்சை இன்னும் திருத்தலையா நீ?” என்றான். பிறகு கையிலிருந்ததைப் பார்த்து என்ன அது என்று கேட்டான். வானொலியில் வருகிற ஓபராவையெல்லாம் பிடித்து வைக்க அவனிடம் ஒலிநாடாப் பெட்டி இருக்கிறது. முடிச்சை அவனே கத்தியால் அறுத்தான். நீ பாடியிருந்த அதே பிரார்த்தனை. முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்த கறிக்கடைக்காரர் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். முடியும்வரை கத்தி யார் கன்னத்திலும் படவில்லை. குவால்தியெரோ பெட்டியை நிறுத்திவிட்டு, “குரல் நல்ல குரல். கீழ் ஸ்தாயி உன்னைவிட மேல். ஆனா இதுவும் அதே இடத்துல மூச்சை எடுக்குதே! யாரு பெத்ததுன்னு கேக்கவே வேண்டாம்” என்றான். உன் ஒலிநாடாவில் என்ன பிடித்தது என்று கேட்டாய் அல்லவா, கேட்டவர்கள் சொன்ன பதில் இதுதான்.

அந்தத் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று எழுதியிருந்தாய். போட்டாலும் போடாவிட்டாலும் இனி அது செல்லாது என்று நினைக்கிறேன். என்மேல் கோபப்படு, உனக்கு உரிமை இருக்கிறது. உன் பாட்டின் பேரால் வந்தது என்று நீ நம்பிய ஒன்றை நான் வாயை மூடிக்கொண்டு வாங்கினேன். நாளை அறிவிப்பார்களா என்று தெரியாது. அறிவிக்காவிட்டால் மேல்மாடத்தில் தன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைப்பதாக குவால்தியெரோ சொல்லியிருக்கிறான். பசை வாடை அவ்வளவு உயரத்துக்கு வராது.

மாதா உன் தொண்டையையும் உன்னையும் காக்கட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு, அப்பாவின் ஆசியும் இதோடு சேர்த்துத்தான். ஒன்று மறக்காதே. ‘இரக்கம்’ என்ற சொல்லில் மூச்செடுக்காமல் பாடப் பழகு. முடியவே முடியாவிட்டால் எடுத்துக்கொள், ஆனால் எடுத்தவள் யார் என்று மேல்மாடத்துக்குத் தெரிகிற இடத்தில் நின்று எடு.

அன்புடன் உன் அம்மா,
நீவெஸ்