கடைசிக் காட்சியில் இருவரும் உயிரோடு இருக்க வேண்டி

அனுப்புநர்:
ப. பாண்டுரங்கன் (வயது 61),
ஏரி நீர்கட்டி,
பள்ளிக்கூடத் தெரு, மேல்பெருவாக்கம்,
சாலவாக்கம் வழி, உத்திரமேரூர் வட்டம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
உத்திரமேரூர்.

பொருள்: சினிமா – மேல்பெருவாக்கம் ஏரிக்கரையில் 03.03.2025 முதல் படப்பிடிப்பு – அனுமதி வழங்க ஆட்சேபணை இல்லை – ஆனால் கதையில் வரும் இரண்டு ஆண்களையும் இந்த முறை சாகடிக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி இருவரும் இறந்துபோன முந்தைய மூன்று படங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி ஏரியின் மதகைத் திறந்து மூடும் நீர்கட்டியாக முப்பத்திரண்டு வருடங்களாக வேலை செய்து வருகிறேன். மதகின் திருகு துருப்பிடித்தது பற்றி முன்பு நான் கொடுத்த மனுக்கள் வேறு விஷயம்; அவற்றை இங்கே இழுக்கவில்லை. இது சினிமா பற்றிய மனு. ஐயா சிரிக்காமல் முழுவதும் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

2. எங்கள் ஊர் தினகரன், காஞ்சிபுரத்தில் படித்துவிட்டு வந்து, சொந்தமாக ஒரு கேமரா வாங்கிப் பேய்ப் படமும் விண்வெளிப் படமும் எடுத்து வருகிறார். கம்பெனி கிடையாது, பெரிய நடிகர் கிடையாது, ஊர்க்காரர்கள்தான் நடிகர்கள். படம் தியேட்டருக்கு வராது. வெளிநாட்டு விழாக்களுக்குப் போய்விட்டுப் பிறகு செல்போனில் வரும். நல்ல பிள்ளை, என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர்மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை.

3. அவருடைய எல்லாப் படங்களிலும் ஒருவரையொருவர் காதலிக்கும் இரண்டு ஆண்கள் வருகிறார்கள். அதில் ஒருவனாக நடிப்பவன் என் மகன் வினோத்குமார் (29). மற்றவன் உத்திரமேரூரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஆல்பர்ட் (30). இவர்கள் இறந்த விவரம் பின்வருமாறு:

முதல் படம், 2021. எங்கள் மதகுக்குள் குடியிருக்கும் பேய் ஒன்று, படம் தொடங்கிய பன்னிரண்டாவது நிமிடத்தில் இருவரையும் உள்ளே இழுத்துக் கொன்று கரையில் போடுகிறது. அந்த மதகுக்குள் நான் முப்பத்திரண்டு வருடமாக முங்கி எழுகிறேன். பேய் கிடையாது. ஒருமுறை சாரைப்பாம்பு இருந்தது, அதுவும் தானாகப் போய்விட்டது.

இரண்டாம் படம், 2022. வறண்ட ஏரியில் பறக்கும் கப்பல் ஒன்று இறங்குகிறது. வேற்றுக்கிரகத்தார் ஊரில் உள்ள அத்தனை பேரையும் விட்டுவிட்டு, மோட்டார் கொட்டகையில் கைகோத்து உட்கார்ந்திருந்த இவர்கள் இருவரை மட்டும் ஆவியாக்கிவிட்டுப் போகிறார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து வந்தவர்களுக்கு வேறு வேலையே இல்லையா?

மூன்றாம் படம், 2024. கதை நடப்பது 2090ஆம் வருடம். காற்றெல்லாம் விஷம், இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு முகக்கவசம். என் மகன் அதை ஆல்பர்ட்டுக்கு மாட்டிவிட்டுச் சாகிறான். ஆல்பர்ட் அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானும் சாகிறான். ஆளுக்குப் பத்து மூச்சு என்று மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் இருவரும் ஏரியின் அக்கரை போய்ச் சேர்ந்திருக்கலாம். கூட நடித்த ஆடு பிழைத்துவிட்டது.

4. சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர், காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சாவு அவர்மேல் தங்கிவிடக் கூடாது என்பதற்காக அதையும் படம் பிடிப்பார்கள். பிறகு அந்தத் துண்டை வெட்டிப் போட்டுவிடுவார்கள், படத்தில் வராது. முதல் படத்தின்போது மதகை மூடித் தருவதற்காக நான் அங்கே நின்றிருந்தேன். செத்துக் கிடந்த இருவரும் எழுந்தார்கள். ஆல்பர்ட் என் மகன் முகத்திலிருந்த சிவப்புச் சாயத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டான். என் மகன் சிரித்தான். பதினோரு விநாடி. கேமரா நின்ற பிறகும் இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அதுவரை நடிப்பு, இது நடிப்பில்லை என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பெற்றவனுக்குத் தெரியாதா?

5. உண்மையை மறைத்த மனு தள்ளுபடியாகும் என்பார்கள். ஆகையால் என் தவறையும் எழுதுகிறேன். அன்று சாயங்காலமே என் மகனைக் கூப்பிட்டு, "இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டேன். அவனும் மிதிக்கவில்லை. உத்திரமேரூரில் ஆல்பர்ட்டின் கடைக்கு மேலே உள்ள அறையில் இருவரும் இருக்கிறார்கள். என் மனைவி செங்கேணி மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள், அதுவும் தட்டை ணங்கென்று வைத்து. அடுத்த இரண்டு படங்களையும் நான் யாருக்கும் தெரியாமல் ஏரிக்கரையில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இந்தத் தடவையாவது தப்பிப்பான் என்று நினைப்பேன். வெட்கக்கேடு, ஆனாலும் நினைப்பேன்.

6. மூன்றாம் படத்தில் இருவரும் செத்த காட்சி முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கேமராவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடிவிட்டார்கள். எழுந்து சிரிக்கும் துண்டை எடுக்க மறந்துபோனார்கள். அதிலிருந்து இருபத்திரண்டாம் நாள், சாலவாக்கம் திருப்பத்தில் என் மகன் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சாலையில் ஜல்லி கிடந்தது, அதனால் விழுந்தான் என்பது என் கருத்து. செங்கேணியின் கருத்து வேறு. அவள் நேராகத் தினகரன் வீட்டு வாசலில் போய் நின்று, "எம்புள்ளய சாவடிச்சிட்டு எயுப்பாம வுட்டுட்டியேடா பாவி!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். ஊரே கூடிவிட்டது. அந்தப் பெரிய வீட்டு வாசலில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. தினகரன் தலைகுனிந்து நின்றார்.

7. நான் ஆஸ்பத்திரிக்கு ஒன்பதாம் நாள்தான் போனேன். ஆல்பர்ட் கடையைப் பூட்டிவிட்டு முதல் நாளிலிருந்து அங்கேயே இருந்தானாம். நான் போனபோது என் மகனுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து ஸ்டூலை எனக்கு நகர்த்தினான். உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் சினிமாவைப் பற்றிக் கேட்டேன்: "இன்னாத்துக்குடா ஒவ்வொரு படத்துலயும் சாவறதுக்கு ஒத்துக்கினு போற?"

அதற்கு என் மகன் சொன்னது: "எங்கள மாறி ஆளுங்க பொயச்சிக் கெடக்கணும்னு யாரு கேட்டாங்க நைனா? நீ கேட்டியா?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

8. இப்போது நாலாவது படம். ஏரியிலிருந்து ஏதோ ஒரு ஜந்து கிளம்புகிறதாம். கடைசிக் காட்சியில் மதகைத் திறந்துவிட வேண்டும், இருவரும் வெள்ளத்தில் போய்விடுவார்கள் என்று தினகரன் வந்து சொன்னார். இருவரையும் கரையேற்றினால் என்ன என்று கேட்டேன். "இன்னாண்ணா பண்றது, ரெண்டு பேரும் செத்தாத்தான் படத்துல வெயிட்டு கீது. ஃபாரின்ல எய்ந்து நின்னு கை தட்டுறாங்க" என்றார். ஃபாரின்காரன் கை தட்டிவிட்டு அவன் வீட்டுக்குப் போய்விடுவான், இங்கே செங்கேணிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். தாலுகா ஆபீஸில் அனுமதி வாங்கி வருகிறேன் என்று போய்விட்டார். அதனால் முந்திக்கொண்டு நான் வந்திருக்கிறேன். மேலும், மதகை முழுக்கத் திறந்தாலும் அவர்கள் நிற்கப்போகும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர்தான் வரும். அதில் எருமைக் கன்றுகூடச் சாகாது. பொறியாளரை விட்டு அளந்து பார்க்கலாம்.

9. கதையில் யார் சாக வேண்டும் என்று சொல்ல வட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டா என்று கேட்பார்கள். கரையைச் சேதப்படுத்தக் கூடாது, மரத்தை வெட்டக் கூடாது, குப்பை போடக் கூடாது, மீன் குத்தகைக்கு இடைஞ்சல் கூடாது என்று உத்தரவில் எப்படியும் நாலு வரி வரும். நான் கேட்பது ஐந்தாவதாக ஒரு வரி. என் மகன் ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு நாலு மாதம் கழித்து இந்த மனுவில் பதில் எழுதுகிறேன். வேறு யாரும் கேட்கவில்லை என்றால் போகட்டும், நான் கேட்கிறேன். ஆகவே ஐயா அவர்கள்,

(அ) "அனுமதி பெறுபவர், கதையில் வரும் மேற்படி இருவரையும் படம் முடியும்வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும்" என்று உத்தரவில் சேர்க்குமாறும்,

(ஆ) கதை அதற்கு இடங்கொடாது என்றால், இருவரும் எழுந்து சிரிக்கும் துண்டை வெட்டாமல் படத்தின் கடைசியில் ஒட்டச் சொல்லுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். மாதிரிக்காக 2021ஆம் வருடத்துப் பதினோரு விநாடியைத் தினகரனிடமே கேட்டு வாங்கிப் பென்டிரைவில் இணைத்துள்ளேன். பார்த்ததும் திருப்பித் தர வேண்டும். செங்கேணி தினமும் பக்கத்து வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கிறாள்.

மதகின் கைப்பிடி என் வீட்டில்தான் இருக்கிறது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். இது மிரட்டல் அல்ல, தகவல்.

10. மனு நிலுவையில் இருக்கும்போதே, வரும் ஞாயிறு மதியம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லி வினோத்குமாருக்கு நேற்று போன் செய்துவிட்டேன். விரால் மீன் குழம்பு. "ரெண்டு பேருமா நைனா?" என்று இரண்டு தடவை கேட்டான். ரெண்டு பேரும்தான் என்றேன். இதற்கு அலுவலக அனுமதி எதுவும் தேவைப்படாது என்று நம்புகிறேன். தேவை என்றால், அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு விண்ணப்பிக்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

ப. பாண்டுரங்கன் (ஒப்பம்)
பா. செங்கேணி (இடது பெருவிரல் ரேகை)

இடம்: மேல்பெருவாக்கம்
நாள்: 12.02.2025