பருந்துகள் வடக்கே திரும்பும் மாதம்

அலமாரியைத் திறந்ததும் தைல வாசம் வந்தது. உன் பைனாகுலரின் கழுத்துப் பட்டையில் அது இன்னும் ஊறிக்கிடக்கிறது. தலைவலிக்கு நீ பூசிய தைலம். முகர்ந்துகொண்டே நெடுநேரம் நின்றேன். மார்ச் பிறந்துவிட்டது, தோழி. வடக்கே எங்கோ பனி உருகத் தொடங்கியிருக்கும்.

மருந்தகத்தில் ஒரே கவுன்டரில் வாரமெல்லாம் மாத்திரை எண்ணிய நாம், இந்த மாதத்து ஞாயிறுகளில் புக்கிட் பாத்தோக் குன்றேறிப் பருந்து எண்ணினோம். பத்து மணிக்கு மேல், நிலம் சூடேறிக் காற்று மேலெழும்போது, தெற்கிலிருந்து தேன்பருந்துகள் வரும். சிறகை அசைக்காமல் வட்டமிட்டு வட்டமிட்டு உயர்ந்து, வெளிச்சத்துக்குள் கரைந்துபோகும். பார்த்துக்கொண்டே இருந்தால் நம் கால்களும் தரையை விட்டு எழும்புவது போலிருக்கும். நீ பார்த்துச் சொல்வாய்; நான் நோட்டில் எழுதுவேன்.

ஒருநாள் உனக்குத் தலை சுற்றியது. பைனாகுலரை என்னிடம் கொடுத்துவிட்டு மர நிழலில் உட்கார்ந்தாய். அப்போதுதான் ஒரு பெரிய கூட்டம் வந்தது. இருபத்திரண்டு வரை எண்ணினேன், மேகம் மறைத்துவிட்டது. முப்பது என்று எழுதினேன்.

"முப்பதும் பார்த்தியா?" என்று கேட்டாய்.

"கிட்டத்தட்ட லா," என்றேன்.

நோட்டை வாங்கி, முப்பதை அடித்துவிட்டு இருபத்திரண்டு என்று எழுதினாய். எட்டுப் பறவைக்கு இவ்வளவா என்று எனக்குக் கோபம். தலைசுற்றல் என்று தெரிந்தும் உன்னைத் தனியே விட்டு இறங்கிப் பஸ் ஏறிவிட்டேன். அந்த வாரம் மருந்துப் பெயர்களைத் தவிர நாம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை ஆங் மோ கியோவில் உள்ள என் வீட்டுக்கு வந்தாய். சமையலறையில் நின்றபடியே, தலைக்குள் கட்டி இருப்பதைச் சொன்னாய்.

"மலைக்கு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் டாக்டர்கிட்ட எவ்வளவு நாள்னு கேட்டேன். கிட்டத்தட்ட ஒரு வருஷம்னார். உன் வாயிலயும் அதே வார்த்தையைக் கேட்டதும் தாங்கலடி."

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்து, பிறகு முழுவதும் குடித்தாய்.

அடுத்த மார்ச்சை நீ பார்த்தாய். குன்றேற முடியாததால், உன் அடுக்குமாடி புளோக்கின் எதிரே இருந்த கார்பார்க் கட்டடத்தின் மொட்டைமாடிக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் வெறும் வானம். நீ அரைத்தூக்கத்தில் இருந்தாய். பிறகு மிக உயரத்தில் ஒன்று, தனியாக. உன் கையைப் பிடித்து அந்தத் திசையில் நீட்டினேன். முகம் மலர்ந்தது.

"ஒண்ணு. எழுது," என்றாய்.

எழுதினேன். அந்தப் பறவை தன் காட்டைப் போய்ச் சேர்வதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போது தனியாகத்தான் குன்றேறுகிறேன். நீ தந்த பழக்கம் என் கழுத்தில் தங்கிவிட்டது. எங்கே நின்றாலும் இந்த மாதத்தில் அது தானாக நிமிர்கிறது. நேற்று சிராங்கூன் சாலையில், ஒரு பூக்கடை முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். பூக்கட்டும் பெண், "என்னக்கா பார்க்கறீங்க?" என்றாள். பருந்துகள் கடல் தாண்டி இந்த வழியாகத்தான் ஊர் திரும்பும் என்றேன். கட்டிக்கொண்டிருந்த சரத்தை வைத்துவிட்டு வெளியே வந்து, நெற்றியில் கைவைத்து அவளும் நிமிர்ந்தாள். அந்நேரம் மேலே எதுவுமில்லை. அதை அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள், ஆனாலும் உள்ளே போகவில்லை.