ஈரத்துணிக்குள் களிமண்

இடம்பெயர்ந்து வந்து தங்கியிருக்கும் இந்தத் தென்மராட்சிப் பள்ளிக்கூடத்தில், பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகள் பழைய பத்திரிகையைக் கிழித்து நத்தார்ப் பண்டிகைக்கு நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். நிவாரணத்துக்குக் கிடைத்த கோதுமை மாவில் பசை காய்ச்சியிருக்கிறார்கள். அந்த மணத்துக்குள் இருக்கப் பிடிக்கவில்லை. எழும்பி வெளியே வந்து, வேப்பமரத்தடியில் இருந்து உங்களுக்கு எழுதுகிறேன். கட்டின புருசனை விட்டால் வேறு யாரிடம் சொல்வேன்?

சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்தபோதுதான் பிள்ளைகளுக்கு அப்பா கிடைத்தார். அதற்கு முன்பு நீங்கள் கரைக்கு வந்தால் அவர்கள் நித்திரை, அவர்கள் எழும்பினால் நீங்கள் நித்திரை. சும்மா இருக்க உங்களுக்குத் தெரியாது. முதல் கிழமை குசினிக்குள் வந்து எனக்கே கறி வைக்கப் படிப்பித்தீர்கள். அகப்பையைக் காட்டித் துரத்தினேன். அதன் பிறகுதான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விறாந்தையில் குந்தினீர்கள். மீன்பெட்டிப் பலகையில் பாலன் குடில், கிழிந்த வலையில் கூரை, குளத்துக் களிமண்ணில் சொரூபங்கள். எந்தக் கிழிந்த வலையையும் பொத்துகிற விரல்கள் உங்களுடையவை. சூசையப்பரின் மூக்கு மட்டும் கடைசிவரை சரிவரவில்லை.

மூன்று இராசாக்களுக்கு ஒட்டகம் செய்யச் சொன்னேன். மூத்தவள் பாய்மரம் வைத்து வள்ளம் செய்தாள். "உது பிழை பிள்ளை" என்றேன்.

"ஒட்டகத்தை ஆர் கண்டது? எங்கடை குருநகருக்கு வாறவை கடலாலைதான் வருவினம். நீர் பேசாமல் இரும்" என்றீர்கள்.

சின்னவன் ஆட்டுக்குட்டிகள் செய்தான். எல்லாவற்றுக்கும் மீன்செட்டை இருந்தது. நீங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள்.

பாலன் யேசுவை எங்கள் வழக்கப்படி நத்தாருக்குத்தான் தொட்டிலில் வைப்போம். "பாலனை நான்தான் செய்வன்" என்று ஒரு பிடி களிமண்ணை ஈரத்துணியில் சுற்றி வைத்தீர்கள். மறுநாள் கறிக்கு ஒன்றும் இல்லை. கரையோரம் நட்டிருந்த களங்கண்ணி வலையைப் பார்க்க வள்ளத்தில் புறப்பட்டீர்கள். நான் மறித்தேன்.

"இடுப்பளவு தண்ணிதானே" என்றீர்கள். பிறகு பிள்ளைகளிடம், "துணியைக் காயவிடாதேங்கோ. வந்து செய்வம்."

கடற்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. பின்னேரம் வள்ளம் கரை ஒதுங்கியது. நீங்கள் ஒதுங்கவில்லை.

அந்த நத்தாருக்கு அயல்வீட்டு அக்கா கடையில் வாங்கிய பாலன் ஒன்றைக் கொண்டுவந்தார். சின்னவன் வைக்க விடவில்லை. "அப்பா வந்து செய்வார்" என்று தொட்டிலைக் கையால் மூடிக்கொண்டான். உங்கள் ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்கொடுப்போமா என்று பங்குச் சுவாமி கேட்டார். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். மூத்தவள் ஒவ்வொரு காலையும் துணியை நனைத்தாள். உடல் கிடைக்காத மனுசனுக்காக வாய்விட்டு அழவும் முடியவில்லை, நம்பிக் காத்திருக்கவும் முடியவில்லை. இரண்டு வருடமாக இப்படித்தான் சீவிக்கிறேன்.

ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று வீதி முழுக்கச் சனம். நகர இடமில்லை. மழை பெய்தபோது எல்லோரும் குடையைத் தலைகீழாகப் பிடித்துக் குடிக்கத் தண்ணீர் சேர்த்தார்கள். மூத்தவள் களிமண் துணியை மழைக்கு நீட்டினாள்.

போன கிழமை இந்தப் பக்கத்து வகுப்பறைப் பிள்ளைகள் அவளிடம், "உங்கடை அப்பா எங்கை?" என்று கேட்டார்கள்.

"செத்துப்போனார்" என்றாள்.

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. சின்னவன் அக்காவைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். மறுநாள் காலை அவள் துணியை நனைக்கவில்லை.

"அம்மா, உந்தக் களிமண்ணை எறிஞ்சுவிடுங்கோ" என்றாள்.

பத்து வயதுகூட ஆகாத பிள்ளை உங்களை அடக்கம் செய்துவிட்டாள். அதை எறிய எனக்குத்தான் கை வரவில்லை. பிள்ளைகள் இருவரும் தண்ணீர் வரிசைக்குப் போகும் நேரம் பார்த்து, என் குடிதண்ணீர்ப் பங்கில் கொஞ்சம் ஊற்றி, இப்போது அந்தத் துணியை நான் நனைக்கிறேன்.