சாமிக்குப் பிறந்த தேதி

அக்டோபர் 5, திங்கள்

வெயில் மண்டையைப் பிளக்குது. ரூம் ஏ.சி. ரிப்பேர். எலக்ட்ரீஷியன் வழக்கம்போல "நாளைக்கு மேடம்."

செய்ய வேண்டியது: இன்டர்னல் மார்க். பல் டாக்டர். நெல் பதிவு மென்பொருள் ரிவ்யூ (தண்டம்).

ரிவ்யூவை என் தலையில கட்டினது து.வே. துணைவேந்தர்னு முழுசா எழுத அந்த ஆளுக்குத் தகுதி கிடையாது. "உங்களை விட்டா யாரு மேடம் இருக்கா?" ஒரு இளிப்பு வேற. விஷயம் இதுதான்: கொள்முதல் நிலையத்துல நெல் போடணும்னா விவசாயி இனிமே முன்கூட்டியே கம்ப்யூட்டர்ல பதியணுமாம். சென்னைக் கம்பெனி ஒண்ணு செஞ்சிருக்கு. இப்போதைக்கு எங்க ஊர்ப் பக்கம் மட்டும் சோதனை. சரியா இருக்குன்னு வெளியாள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும், அது நான். போட்டா யுனிவர்சிட்டிக்கு ஒரு ஆராய்ச்சி மையம், அதுக்கு நான் டைரக்டர். து.வே.க்கு வாசல்ல பேர் போட்ட கல்வெட்டு.

கம்பெனிக்காரன் கார்த்திக் வந்தான். ஸ்லைடு போட்டான், போட்டான், போட்டுக்கிட்டே இருந்தான். எல்லாத்துலயும் பல்லு தெரியச் சிரிக்கிற விவசாயி. எந்த ஊர்லடா இருக்கான் அவன்?

ஒரு அமைப்புல யார் யார் இருக்காங்க, எது யாருக்குச் சொந்தம், யார் யாரைக் கேக்கணும், இதைக் கட்டமும் அம்புக்குறியுமா வரையறதுதான் இத்தனை வருஷமா என் பொழைப்பு. இவன் வரைஞ்சதுல விவசாயின்னு ஒரே கட்டம். நிலத்துக்காரனும் அவனே, உழறவனும் அவனே. அதுவும் பாதி நிலம் குத்தகையில ஓடற தஞ்சாவூர் ஜில்லால! தலையில அடிச்சுக்கலாம்.

அக்டோபர் 6, செவ்வாய்

மேகமூட்டம். பல் டாக்டர் போகல.

ஊர்லேருந்து அண்ணன் போன். "பாப்பா, பதிவு ஏறமாட்டேங்குது. சாமிக்குப் பொறந்த தேதி கேக்குதாம்."

சிரிச்சு மாளல. அண்ணன் பயிர் பண்றது கோயில் நிலம், குத்தகை. உரிமையாளர் பேரு: அருள்மிகு விசுவநாத சுவாமி. ஆதார்: கிடையாது. பிறந்த தேதி: கட்டாயம். பதிவு போடற சர்வீஸ் சென்டர் பொண்ணு ஏதோ ஒரு பழங்காலத் தேதியைத் தட்டியிருக்கா. உடனே கம்ப்யூட்டர்: உரிமையாளர் உயிருடன் இல்லை, வாரிசுச் சான்றிதழ் இணைக்கவும்.

"புள்ளையாரையும் முருகனையும் கூட்டிக்கிட்டுப் போயி தாலுகா ஆபீஸ்ல நிக்கட்டுமா?" குறுவை அறுத்து நெல்லு களத்துல குவிஞ்சு கிடக்கு, மழை வரும்ங்கறாங்க. அந்தக் கடுப்பிலயும் அண்ணனுக்கு நக்கல் போகல.

மார்க் போடல. நாளைக்கு.

அக்டோபர் 7, புதன்

கார்த்திக்கிட்ட சொன்னேன். கோயிலும் உரிமையாளரா வர்றதுக்குத் தனி வகை வேணும். பதிவை உறுதி பண்ற ஓ.டி.பி. உரிமையாளருக்கு இல்ல, பயிர் பண்றவர் போனுக்குப் போகணும். ரெண்டே மாத்தம்.

"அது சேஞ்ச் ரிக்வெஸ்ட் மேடம். அடுத்த ஃபேஸ்ல பாக்கலாம்."

அதுக்குள்ள நெல்லு முளைச்சிரும்டா மடையா. (வாயால சொல்லல. "அப்படியா"ன்னேன்.)

மத்தியானம் தீர்வோட வந்து நிக்கறான், முகமெல்லாம் பெருமை. கோயில் நிலத்துக்கெல்லாம் உரிமையாளர் இடத்துல டிரஸ்டி பேரு, டிரஸ்டி ஆதார், டிரஸ்டி போன் நம்பர். "ஃபீல்டு ஃபில் ஆகணும், அவ்ளோதான் மேடம்."

எங்க ஊர்க் கோயிலுக்கு டிரஸ்டி யாரு? பண்ணை வீட்டுப் பேரன்.

ஒரு காலத்துல இதே கோயில் நிலத்தோட குத்தகை அந்தப் பண்ணை வீட்டுப் பேர்ல. உழைச்சது அப்பா, கூலிக்கு. குத்தகையைத் தன் பேருக்கு மாத்த அந்த மனுஷன் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் அலைஞ்சே தேய்ஞ்சார். அப்புறம்தான் எங்க வீட்டுல சொந்த நெல்லு. அதுல படிச்சவதான் நான். இந்தப் பொடியன் ஒரே கிளிக்குல அந்த வீட்டை மறுபடி மேல ஏத்தி உக்கார வச்சுட்டான். அவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அதுதான் வயிறெரியுது. வேணும்னு செஞ்சிருந்தா ஒரு எதிரின்னாவது மதிக்கலாம்.

து.வே.கிட்ட போனேன். "சின்ன விஷயம் மேடம், விடுங்க." இந்தாளு வாழ்க்கையில பெரிய விஷயம்னு எதையாவது சொல்லியிருக்காரா? சால்வை தவிர.

கேன்டீன் போண்டா இன்னிக்குப் பரவாயில்ல.

அக்டோபர் 8, வியாழன்

லீவு போட்டு ஊருக்கு. தூறல்.

பண்ணை வீட்டு வாசல்ல எங்க தெருவே நிக்குது. துக்கமோன்னு பயந்துட்டேன். ஓ.டி.பி.! பேரன் போனுக்கு வருது. இவங்க அந்த நம்பரைக் கேட்டு வாங்கி, சர்வீஸ் சென்டர் பொண்ணுக்குப் போன்ல சொல்லணும். லேட்டானா மறுபடி முதல்லேருந்து. பேரன் குளிக்கறார். பேரன் சாப்பிடறார். எல்லாரும் நிக்கறாங்க.

கெட்டவர்னு சொல்ல முடியாது. என்னைப் பார்த்ததும் எழுந்தே வந்தார். "வாங்க மேடம், உள்ள வாங்க, காப்பி சாப்பிடுங்க." பக்கத்துல நின்ன அண்ணனைக் கூப்பிடல. "இவர் என் அண்ணன்"னேன். "தெரியுமே!" சிரிச்சார். அவ்வளவுதான்.

நான் உள்ள போகல. குனிஞ்சு பார்த்தா அண்ணன் கால்ல செருப்பு இல்ல. கேட்டுக்கு வெளியவே கழட்டி விட்டிருக்கார். யாரும் சொல்லல, அவரா. அறுபது தாண்டின மனுஷன்.

நம்பர் வந்துது. பதிவு ஏறிடுச்சு. நெல் போட டோக்கன் நாளைக்கு மத்தியானம்.

திரும்பற வழில: "நாளைக்குக் கூட்டம்ணே. நான் கையெழுத்துப் போடப்போறதில்ல."

"போடலன்னா?"

"இதுவரைக்கும் பதிஞ்சதெல்லாம் அழிச்சிருவாங்க. சரிபண்ணிட்டு மறுபடி பதியணும்."

"அப்ப என் டோக்கன்?"

பஸ் வருதான்னு ரோட்டைப் பார்த்தேன்.

"யார் பேர்ல இருந்தா என்ன பாப்பா? நெல்லு போனா சரி."

"அப்பா இருந்தா இப்படிப் பேசுவாரா?"

"அப்பா இருந்தா தார்ப்பாய் தேடிக்கிட்டு ஓடியிருப்பாரு. உன்கூட நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டாரு."

பஸ்ல ஜன்னல் சீட்டு. தலைவலி.

அக்டோபர் 9, வெள்ளி

காலையிலேருந்து மழை.

கூட்டம். மேஜையில சால்வை ரெடி. முந்திரி பிஸ்கட். து.வே. பேனாவை மூடி கழட்டியே நீட்டறார். வாங்கல. என் பேனாவாலயே எழுதிக் கொடுத்தேன்: கோயில் நிலத்துக்கு உரிமையாளர்னு தனி மனுஷன் பேர் இருக்கற வரைக்கும் ஒப்புதல் கிடையாது.

கார்த்திக் முழிக்கறான். "சோதனைப் பதிவெல்லாம் டெலீட் ஆயிடும் மேடம். ஓகேவா?"

ஓகே.

கொஞ்ச நேரம் கத்தல். அப்புறம் வழிக்கு வந்தாங்க. கோயில் தனி வகை. ஓ.டி.பி. பயிர் பண்றவர் போனுக்கு. அடுத்த போகத்துக்குள்ள செஞ்சு தர்றதா மினிட்ஸ்ல ஏத்தியாச்சு, நான் கேட்டது கேட்டபடி. து.வே. முகத்தைப் பார்க்கக் கண் கோடி வேணும். சால்வையை மடிச்சு டிரைவர்கிட்ட கொடுத்தனுப்பிட்டார். டைரக்டர் வேலையா, போகட்டும் சனியன். ரொம்ப நாள் கழிச்சு வீட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வந்தேன்.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன். எடுக்கல. மறுபடி. மறுபடி. கடைசியா அண்ணி எடுத்தாங்க. மழைச் சத்தத்துல பாதி கேக்கல.

"லோடு ஏத்தற நேரத்துல டோக்கன் கேன்சல்னு மெசேஜ் வந்துச்சும்மா. அண்ணன் களத்துல இருக்காரு. அடி நெல்லெல்லாம் நனைஞ்சு போச்சு, கையால அள்ளிக்கிட்டு இருக்காரு."

அப்புறம் அண்ணியே, கோபமே இல்லாம, நிஜமாவே தெரிஞ்சுக்கறதுக்காக:

"நீ போன காரியம் ஜெயிச்சுதாம்மா?"

ஜெயிச்சுது அண்ணின்னேன்.