முதுகைத் திருப்பி நின்ற நேரம்

மாப்ளே,

இன்று காலை ஜீப்பின் பின்சீட்டைக் கழற்றித் துடைக்கச் சொல்லியிருந்தேன். அடியிலிருந்து உன் கையுறை வந்தது. நீ இடது கைக்கு மட்டும் போடுகிற அந்த ஒற்றைக் கையுறை. நனைந்து, காய்ந்து, கருவாடு மாதிரி விறைத்துக் கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். என் ஜீப்பில் ஒரு வாரம் கிடந்தால் செருப்புகூட ஏலக்காய் மணக்கும். நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, உன் கையுறையில் மட்டும் அந்த மணம் ஏறவே இல்லை. மலைச் சரிவில் மண்டுகிற பெரணிச் செடியின் ஈர வாசனைதான் வந்தது. மேலே அப்படி விறைத்திருந்தும், விரலை உள்ளே விட்டபோது நசநசவென்று ஈரமாக இருந்தது. துடைக்க வந்தவன் பார்ப்பதற்குள் மேஜை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டேன்.

அந்த மேஜையின் மேல் நான்கு நாளாக ஒரு காகிதம் கிடக்கிறது. மலை மேலிருந்து பஞ்சாயத்து அனுப்பியது. நாம் கோல்ஃப் விளையாடிய மைதானத்தின் சரிவு நெடுக வேலி, ஒரு காவலாள், ஒரு கேமரா. சரிவில் யார் இறங்கினாலும் அவரை இன்னொருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஒரு விதி. இப்போது அங்கே விளையாடப் போகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் என் சம்மதம் வேண்டுமாம். நான் கையெழுத்துப் போட்டால் வேலி வரும், போடாவிட்டால் பேச்சை விட்டுவிடுவார்கள். காரணம் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. உன் பெயரைச் சொல்லி ஒரு சர்க்கார் வேலி. சிரிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் சிரிப்பு வரவில்லை. பேனாவை எடுக்கும் முன் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் மனைவி, தங்கச்சி என்று நான் கூப்பிடுகிறவள், அவளிடம்கூட நான் சொல்லாதது அது.

நீ எத்தனையோ வருடம் சோதனைச்சாவடியில் உட்கார்ந்து எழுந்தவன். என் ஏலக்காய் மூட்டையைப் பிரிக்கச் சொன்னவன். பிரித்துப் பார்த்துவிட்டு, சாக்கூசி வாங்கி நீயே தைத்துக் கொடுத்தாய். அதுவரை அப்படி ஒரு அதிகாரியை நான் பார்த்ததில்லை. நம் சிநேகம் அந்தத் தையலில் தொடங்கியது. ஓய்வு பெற்ற மறுநாளே சர்க்கார் சிறுத்துப் போக வேண்டும் என்று பேச ஆரம்பித்தாய். கடையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். "எல்லாரும் வெளிய நின்னு திட்டுறீங்க. நான் உள்ள இருந்து பாத்துட்டு வந்தவன்" என்றாய்.

வேலையில் இருந்தபோது நடுவில் ஊட்டிக்கு மாற்றலாகிப் போன காலத்தில் கோல்ஃப் உன்னைப் பிடித்துக்கொண்டது. வெள்ளைக்காரத் துரைகள் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில் விட்டுப்போன ஆறு குழி மைதானத்தை நீதான் தேடிக் கண்டுபிடித்தாய். துரைகள் போன பிறகு அங்கே மாடுகள்தான் புல் வெட்டின. பழைய மட்டைகள் இரண்டு பை வாங்கி வந்து ஒன்றை என் தலையில் கட்டினாய். ஞாயிற்றுக்கிழமை நாம் கிளம்பும்போது போடி பஜாரில், "பெரிய மனுசங்க ரெண்டு பேரும் கம்பைத் தூக்கிட்டு எலி பிடிக்கப் போறாக" என்று சொல்வார்கள். நீ ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்து, "எலி கெடச்சா உங்களுக்கும் கொண்டாந்து தர்றோம்" என்பாய்.

மேலே போகும்போது உனக்கு ஒரு பழக்கம். தமிழ்நாட்டுச் சோதனைச்சாவடி தாண்டி, கேரளச் சோதனைச்சாவடி வருவதற்கு முன்னால் கொஞ்சம் ரோடு இருக்கிறதே, அங்கே ஜீப்பை நிறுத்தச் சொல்வாய். இறங்கி, கையை விரித்து, மூச்சை இழுத்து விடுவாய். எஸ்டேட் ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் நம்மைச் சுற்றிக்கொண்டு ஹாரன் அடித்துப் போகும்.

"ரெண்டு சர்க்காருக்கும் நடுவுல இம்புட்டு எடம்தான் மாப்ளே மிச்சம். நல்லா இழுத்துக்க."

"நீ நிக்கிற ரோட்டைப் போட்டது யாரு? இத்தனை கொண்டை ஊசி வளைவையும் உங்க தாத்தாவா வெட்டினாரு?"

"ரோடு போடட்டும், நான் வேணாங்கல. நான் எங்க போறேன்னு கேக்கக் கூடாது."

மைதானத்தில் குழிக்கு நடுவே நட்டிருக்கும் கொடியைக் காட்டி அடிக்கடி சொல்வாய்: "சர்க்காருன்னா இந்தக் கொடி மாதிரி இருக்கணும். குழி எங்க இருக்குன்னு காட்டினாப் போதும். பந்தைத் தள்ளிவிட வரக் கூடாது." ஒரு முறை பலத்த காற்றில் அந்தக் கொடியே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கவர்மெண்டு கவுந்துபோச்சு என்று நான் கத்த, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாய். நான் வியாபாரி. லைசென்ஸ், ரசீது, முத்திரை என்று அலைந்து தேய்ந்தவன். உன் பேச்சு எனக்குக் கரும்பாக இனித்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த முதுகு விஷயம் உன் பேச்சைத் தாண்டியது. நடுவர் இல்லாத ஆட்டம் இது ஒன்றுதான், தன் தப்பைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நீ முதல் நாளே சொன்னாய். அதோடு விட்டிருக்கலாம். ஒருவன் செடிக்குள் போன பந்தைத் தேடும்போது மற்றவன் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும் என்று நமக்கென்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாய். "அடுத்தவன் பாக்குறான்னு ஒழுங்கா இருந்தா அது ஒழுக்கமா? அது பயம்" என்றாய். உலகத்தில் வேறு எங்கும் இப்படி விளையாடியிருக்க மாட்டார்கள். தேடுகிறவன் "ஆச்சு" என்று சொல்லும் வரை திரும்பக் கூடாது. எத்தனை ஞாயிறு, எத்தனை முறை, பனிக்குள் ஒருவர் முதுகை ஒருவர் நம்பி நின்றோம். எனக்கு அதில் ஒரு கர்வம்கூட இருந்தது.

ஐந்தாவது குழிக்குப் பக்கத்துச் சரிவில் மாடு ஒன்று விழுந்து கால் ஒடிந்தபோது எஸ்டேட்காரர்கள் வேலி கேட்டு மனு கொடுத்தார்கள். நீதான் எதிர்த்து எழுதினாய். "வேலி போட்டா வேலிக்கு ஒரு வாட்ச்மேன் வருவான். வாட்ச்மேனுக்கு ஒரு மேஸ்திரி, மேஸ்திரிக்கு ஒரு ஆபீசு. கடைசில மாட்டைத் தவிர எல்லாரும் அங்க இருப்பாங்க." உன் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன். மனு அத்தோடு நின்றது.

நீ போன அன்றும் ஞாயிறுதான், காலை பத்து மணி இருக்கும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பனி ஏறியது. அங்கே அது எப்போதும் அப்படித்தான், கீழேயிருந்து யாரோ அனுப்பி வைத்ததுபோல் மேலே வரும். ஐந்தாவது குழிக்கு நீ அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து சரிவுக்குள் போனது. ஆட்டக் கணக்கில் நான் ஓர் அடி முன்னால் இருந்தேன். "வெரசா பாத்துட்டு வர்றேன்" என்று இறங்கினாய். நான் திரும்பி நின்றேன்.

உன் மட்டை பெரணியை விலக்குகிற சத்தம் கேட்டது. சரக், சரக். பிறகு நின்றது. பந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். "ஆச்சு" என்று நீ சொல்லவில்லை. கொஞ்ச நேரம் போனது. இன்னும் கொஞ்ச நேரம் போனது. இப்போது நான் சொல்லப்போவதுதான் அது. நீ ஏமாற்றுகிறாய் என்று நினைத்தேன் மாப்ளே. பந்து மோசமான இடத்தில் கிடக்கிறது, தோற்க மனமில்லாமல் காலால் நகர்த்தலாமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று நினைத்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவன் கடைசியில் நம்மைப்போல ஆள்தான் என்ற சந்தோஷம். நன்றாக நகர்த்திக்கொள்ளட்டும் என்று இன்னும் அழுத்தமாக முதுகைக் காட்டி நின்றேன். கால் மணி நேரம் இருக்கும். எதிரே வெறும் வெள்ளை. அவ்வளவு நேரம் ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

கடைசியில் பொறுமை போய்த் திரும்பி நான் இறங்கி வந்தபோது நீ பெரணிக்குள் உட்கார்ந்தபடி சாய்ந்திருந்தாய். மூச்சு இருந்தது. எஸ்டேட் ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி, ஜீப்பில் கிடத்தி, கொண்டை ஊசிகளில் நான் ஓட்டிய ஓட்டம் எனக்கே நினைவில்லை. போடியில் டாக்டர் மார்பில் கை வைத்துவிட்டு, "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா" என்று மட்டும் சொன்னார். தங்கச்சி என்னிடம் முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

"அண்ணே, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?"

"பக்கத்துலதான்மா இருந்தேன்" என்றேன்.

பதினாறாம் நாள் முடிந்து உன் சட்டைப்பையில் இருந்ததை அவள் என்னிடம் கொடுத்தாள். ஆட்டத்தின் அட்டை. ஐந்தாவது குழிக்கு நேரே நீ அடித்த அடிக்கு ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் வட்டம் போட்ட இன்னொரு கோடு. தண்டனை அடிக்கு வட்டம் போடுவது உன் வழக்கம். பந்து எடுக்க முடியாத இடத்தில் கிடந்திருக்கிறது, நீ யாரும் பார்க்காத இடத்தில் நின்று உனக்கு நீயே தண்டனை எழுதியிருக்கிறாய். மட்டைச் சத்தம் நின்றது அதற்காகத்தான். அந்த நேரத்தில் நான் என்ன நினைத்துக்கொண்டு நின்றேன் என்பதை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் சொல்ல முடியும்? அவள் எதிரில் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகும் நான் போனேன். தனியாகத்தான். ஏன் போகிறாய் என்று வீட்டில் திட்டினார்கள். பனி இல்லாத நாளில் ஒன்றும் இல்லை, வெறும் புல். பனி ஏறினால் மட்டும், நான் பந்தைத் தேடி எந்தச் செடிக்குள் இறங்கினாலும், மேலே புல்மேட்டில் யாரோ நிற்பதுபோல இருக்கும். பார்த்தால் ஒரு முதுகு. உனக்கு இருந்ததுபோலவே இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த முதுகு. முதலில் மரக்கட்டை என்று நினைத்தேன். நான் பந்தை எடுத்துக்கொண்டு ஏறி வந்தால் அங்கே கட்டையும் இருக்காது. பயந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அதே சமயம் பந்தைக் காலால் தொட ஒருநாளும் எனக்குத் துணிவு வரவில்லை.

என் மூளைதான் குழம்பிவிட்டது என்று இருந்திருப்பேன். போன மாதம் குரங்கணிப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்குப் புதிதாக வந்த பொன்னுத்தாய் என்ற அம்மாள் அங்கே மாடு ஓட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு உன்னையும் தெரியாது, உனக்கு நடந்ததும் தெரியாது.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"நீங்க செடிக்குள்ள கெடந்து தேடுறீங்க. கூட வந்த அய்யா கூடமாட வந்து தேடாம, எதுக்கு அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்கிறாரு? உங்க ரெண்டு பேருக்கும் சண்டையா?"

சண்டை இல்லை என்று சொன்னேன். அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் பந்தை அங்கேயே விட்டுவிட்டு ஜீப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

போன ஞாயிறு, இந்தக் காகிதம் வந்த மூன்றாம் நாள், உன்னிடமே கேட்டுவிடலாம் என்று போனேன். ஐந்தாவது குழிக்கு வேண்டுமென்றே வலப்பக்கம் அடித்தேன். நீ உட்கார்ந்திருந்த இடத்துக்கு இறங்கினேன். பனி வந்தது. மேட்டில் நீ நின்றாய், முதுகைத் திருப்பிக்கொண்டு. பெரணிக்குள் நானும் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் மேடு அப்படியொன்றும் தூரமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"மாப்ளே, திரும்பிப் பாரு" என்றேன்.

நீ திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். என் குரல் எனக்கே பனிக்குள் ஒரு முனகலாகத்தான் கேட்டது. உன் முதுகு அசையவே இல்லை. தப்பு உன்மேல் இல்லை, நான் "ஆச்சு" என்று சொல்லவில்லையே. நாம் போட்ட விதியை நீ இன்னமும் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாய். செத்தும் திருந்தாத ஆள் நீ. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. திருடனைப் பிடிக்க மட்டுமா கண் இருக்கிறது? பிள்ளை தவழ்ந்து போகும்போது பெற்றவள் பார்க்கிறாளே, அது என்ன சந்தேகமா?

இதுவரை எழுதி வைத்துவிட்டு, மத்தியானம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். கேமராவையும் காவலாளையும் மட்டும் காகிதத்தில் கோடிட்டு அடித்துவிட்டேன், அது உனக்காக. வேலியும், இறங்குகிற ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லும் அந்த ஒரு விதியும் இருக்கட்டும். என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்.

அன்றைக்குச் சத்தம் எதுவும் கேட்டதா என்று டாக்டர் கேட்டார், தங்கச்சி கேட்டாள், எஸ்டேட்காரர்கள் கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கேட்டது மாப்ளே. மட்டைச் சத்தம் நின்று கொஞ்ச நேரம் கழித்து, ஒரே ஒரு தடவை. இருமல் என்று நினைத்தேன், இருமல்தான் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு அந்தச் சரிவில் உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டபோது என் வாயிலிருந்து வந்ததும் அதே சத்தம்தான்.